வாசகர் கேள்வி பதில்: எளிய கருவி எது?

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் அன்றாட வேலையைக் குறித்து வைப்பதற்கும், நேரத்தைக் கணக்கிடுவதற்கும், சிறு சிறு பணிகளை விரைந்து முடிப்பதற்கும் இணையத்தில் எளிய கருவிகளைத் தேடுவது பற்றி இம்முறை கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கங்களிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால் இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். மூன்று வாடிக்கையாளர்களின் வேலை ஒரே நேரத்தில் என் கையில் இருக்கிறது. பட்டியலிட ஒன்று, குறிப்பெழுத ஒன்று, நேரக் கணக்குக்கு ஒன்று என இரண்டு ஆண்டுகளில் ஒன்பது இணையக் கருவிகளை மாற்றிவிட்டேன். முதல் வாரம் ஆர்வமாக இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் கருவியைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடுகிறது. எளிமையான ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகி, சரவணம்பட்டி)

பதில்: பத்தாவது கருவிக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, மனத்தில் வந்து நிற்கும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அதை எடுத்துப் பார்த்தால், குறிப்பிட்ட நாளிலோ நேரத்திலோ நடக்க வேண்டியவை சில இருக்கும்; அவை நாட்காட்டிக்கு உரியவை. செய்ய வேண்டியதாக எதுவும் இல்லாமல், பின்னால் தேவைப்படலாம் என்று எழுதி வைத்தவை பல இருக்கும். அவை குறிப்பேட்டுக்கு உரியவை. மிஞ்சுகிறவைதாம் உண்மையான வேலைப் பட்டியல். பெரும்பாலும் அது நாம் அஞ்சியதைவிடச் சிறியதாகவே இருக்கும். இந்த மூன்றையும் ஒரே கருவிக்குள் அடக்க முயலும்போதுதான் பிரிவு, உட்பிரிவு, வண்ணம், வடிகட்டி என்று அது பெருத்துக்கொண்டே போய், நீங்கள் சொல்லும் மூன்றாம் வாரச் சலிப்பு வருகிறது.

வசதிகள் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு கருவியை எளியது என்று நான் சொல்வதில்லை. திறந்த சில நொடிகளுக்குள் ஒரு வரி எழுத முடிகிறதா என்று முதலில் பார்ப்பேன். விலகிப் போக நினைக்கும் நாளில் எழுதியது அனைத்தும் தேதியோடும் ஒழுங்கோடும் என் கையோடு வருகிறதா என்பதை அடுத்துப் பார்ப்பேன். இரண்டாவதை யாரும் தொடக்கத்தில் கேட்பதில்லை. கேட்டிருந்தால் உங்கள் ஒன்பதில் பாதியைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

இந்த அளவில் முதலில் நிற்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு. அமெரிக்க நிரலாளர் ஜீனா ட்ரப்பானி வகுத்த ‘டூடூ டிஎக்ஸ்டி’ முறையில் ஒரு வேலைக்கு ஒரு வரி மட்டுமே உண்டு. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து முன்னுரிமையைக் காட்டும். கூட்டல் குறியோடு சேர்ந்த சொல் எந்தத் திட்டத்துக்கான வேலை என்பதைச் சொல்லும். முடிந்த வேலையின் முன் ஓர் எக்ஸ் குறி விழும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்பை அகர வரிசைப்படுத்தும்போதே கால வரிசையும் கிடைத்துவிடும். இந்தக் கோப்பை ஏதேனும் ஓர் இணையச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டால் அலுவலகக் கணினியிலும் கைப்பேசியிலும் அதே பட்டியல் இருக்கும். நிரல் எழுதுகிற உங்களுக்கு உரைக் கோப்பைக் கையாளக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கோப்பு வேண்டாம், திரையில் தொட்டு நகர்த்த வேண்டும் என்றால், ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக எழுதிப் பத்திக்குப் பத்தி நகர்த்தும் அட்டைப் பலகை முறைக்குப் போகலாம். 2011-இல் ஃபாக் கிரீக் சாஃப்ட்வேர் வெளியிட்டு, 2017 முதல் அட்லாசியன் வசம் இருக்கும் ட்ரெல்லோ இதில் பலருக்கும் பழகிய பெயர். ஆனால் அட்டைகளை நகர்த்துவது மட்டும் அந்த முறையின் பயன் அன்று. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் பொறியாளர் தாயிச்சி ஓனோ இதைக் கான்பான் என்ற பெயரில் உருவாக்கியபோது, அடுத்த கட்டத்தில் இருப்பவர் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகே முந்தைய கட்டத்தில் இருப்பவர் புதிதாகச் செய்யலாம் என்பதுதான் விதி. கான்பான் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பலகை என்றே பொருள்; அதன் வேலை கட்டுப்படுத்துவது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் திருப்பூரில், பெருமாநல்லூர் சாலையில் என் மாமா நடத்திய சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டில் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு வரி எழுதவே இடம். வரியில் ஸ்டைல் எண், நிறம், பீஸ் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஐந்தாவது ஆர்டரோடு வருகிறவரிடம் மாமா பலகையைக் காட்டி, “எடமில்லீங்க, வெள்ளிக்கெழம செக்கிங்ல ஒண்ணு நகுந்துட்டா உங்களுத ஏத்திடறேனுங்க” என்பார். வந்தவர் முகம் சுருங்கும். ஆனால் சொன்ன நாளில் சரக்கு போய்விடும். ட்ரெல்லோவிலோ அதுபோன்ற வேறொன்றிலோ ‘நடப்பில்’ என்று ஒரு பத்தியை வைத்து, அதில் மூன்று அட்டைகளுக்கு மேல் வைப்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை. அதற்கு மேல் அந்தக் கருவியின் எந்த வசதியையும் முதல் மூன்று மாதங்களுக்குத் தொடாதீர்கள்.

வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் விலைப்பட்டியல் அனுப்புகிறீர்கள் என்றால், தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான் கொண்ட டாகிள் போன்ற ஒன்று போதும். விலைப்பட்டியல் அனுப்பாதவருக்கு நேரக் கணக்குக் கருவியே தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: வேலையை 25 நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கும் கடிகாரத் தளங்கள் நிரலாளர்களுக்கு உண்மையிலேயே உதவுமா? (வாசகர், பெருந்துறை)

பதில்: உதவும், ஆனால் எல்லா வேலைக்கும் உதவாது. 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படிக்கத் தொடங்கிய பழக்கம் இது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஆவண வேலைக்கும், மின்னஞ்சல்களுக்கு விடை எழுதுவதற்கும் 25 நிமிடம் மிகப் பொருத்தம். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு பத்துக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும்போது அந்த மணி அடிப்பது, பாவு ஓடிக்கொண்டிருக்கும் தறியை நடுவில் நிறுத்துவதுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு 50 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்தத் தளமும் வேண்டாம். கைப்பேசிக் கடிகாரமே போதும்.

கேள்வி: பட்டியல் தளம் ஒன்றை நம்பி எல்லாவற்றையும் அதில் எழுதுகிறோம். ஒருநாள் மூடிவிட்டால் என்ன செய்வது? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகர், ஈரோடு)

பதில்: முன்கூட்டியே தெரியாது, பெரிய நிறுவனத்தின் கையில் இருப்பதும் காப்பு ஆகாது. பெர்லினில் உருவான வுண்டர்லிஸ்ட் பட்டியல் கருவியை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே 6-ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது, பயனர்கள் மைக்ரோசாஃப்ட் டூடூவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லப்பட்டார்கள். பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டிவந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் நாள் நின்றபோதும் பயன்படுத்தியவர்கள் எண்ணிக்கை குறைவன்று. அப்போது தரவை இறக்கிக்கொள்ள உதவும் கூகுளின் டேக்அவுட் வழியாகத் தங்கள் பட்டியலை இறக்கிக்கொண்டவர்கள் வேறொன்றில் ஏற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள்.

என் அனுபவம் அவ்வளவு நல்லதாக இல்லை. நான் ஐந்து ஆண்டுகள் குறிப்பெழுதிவந்த ஒரு தளம் முப்பது நாள் அவகாசம் கொடுத்து மூடப்பட்டது. இறக்கிய கோப்பில் வரிகள் எல்லாம் இருந்தன. ஒரு தேதிகூட இல்லை. எந்தப் பிழையை எப்போது திருத்தினேன், எந்த வாடிக்கையாளர் எந்த நாளில் ஒப்புதல் கொடுத்தார் என்பது தெரியாத குறிப்புகள் எனக்குக் கடைசிவரை பயன்படவில்லை. ஏற்றுமதிப் பொத்தான் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, அதை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காமல் இருந்தது என் தவறு.

ஆகவே புதிய கருவியில் கணக்குத் தொடங்கிய அன்றே பத்து வேலைகளை எழுதுங்கள். இரண்டை முடிந்ததாகக் குறியுங்கள், இரண்டுக்குத் தேதி கொடுங்கள், மூன்றைத் தமிழில் எழுதுங்கள். பிறகு ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். தேதியும் முடிந்த குறியும் தமிழும் பிழையின்றி இருந்தால் மட்டும் தொடருங்கள். காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து பொருளற்ற குறிகளாகத் தெரிவது உண்டு. அது பெரும்பாலும் ஏற்றுமதியின் குற்றம் அன்று. எக்செலின் டேட்டா பட்டியலில் உரை அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து பெறும் வழியைத் தேர்ந்து, குறியாக்கத்தை 65001 யுடிஎஃப்-8 என்று வைத்தால் எழுத்துகள் சரியாக வந்துவிடும். அதன்பின் மாதம் ஒருமுறை இறக்கி வைப்பது போதுமானது.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வாரம் ஒருமுறை வால்பாறைக்குப் போய்வருகிறேன். ஆழியாறு தாண்டியதும் இணைப்பு போய்விடுகிறது. குறிப்புத் தளம் வெறும் வெள்ளைத் திரையாகிவிடுகிறது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகும் பாதையில் இணையத்தை மட்டும் நம்பிய கருவி உங்களுக்குப் பொருந்தாது. வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்: தளத்தைத் திறந்து, கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, ஒரு குறிப்பை எழுதி, உலாவியை மூடித் திறந்து, மறுபடி இணைப்பைக் கொடுத்துப் பாருங்கள். எழுதியது அப்படியே இருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு உரியது. கோப்புகளை முதலில் உங்கள் சாதனத்திலேயே வைத்துக்கொள்ளும் அப்சிடியன், ஜாப்ளின் போன்ற குறிப்புச் செயலிகள் இதில் தேறிவிடும்.

கேள்வி: பீளமேட்டில் ஒரு நிறுவனத்தில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஜேசன் என்ற உரை வடிவத் தரவை ஒழுங்குபடுத்துவதற்கும், பயனரை அடையாளம் காட்டும் டோக்கனைப் பிரித்துப் பார்ப்பதற்கும், இரண்டு கோப்புகளை ஒப்பிடுவதற்கும் தேடலில் முதலில் வரும் இலவசத் தளங்களைப் பயன்படுத்துகிறேன். மூத்தவர் ஒருவர் கண்டித்தார். அதில் அப்படி என்ன தவறு? (வாசகர், பீளமேடு)

பதில்: மூத்தவர் கண்டித்தது சரி. காரணத்தை அவர் விளக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் ஒட்டிய ஜேசனுக்குள் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சோதனைக்காக ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) எடுத்த விடைக்குள் வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், முகவரி, சில வேளைகளில் வங்கிக் கணக்கு எண் கூட இருக்கும். அது அந்தத் தளத்தின் வழங்கிக்குப் போனால் அங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ‘பகிர்வதற்கான இணைப்பு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அந்த முகவரி தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

டோக்கன் இன்னும் கவலைக்குரியது. புள்ளிகளால் பிரிந்த மூன்று பகுதிகள் கொண்ட அந்த நீண்ட வரியின் நடுப்பகுதி பேஸ்64 முறையில் மாற்றி எழுதப்பட்டதே அன்றி மறைக்கப்பட்டதன்று. ஆகையால் அதைப் படிக்க எந்தத் தளமும் தேவையில்லை, உலாவியின் கன்சோலிலேயே இரண்டு வரியில் பிரிக்கலாம். ஆனால் காலாவதி ஆகும்வரை அதை வைத்திருப்பவர் அந்தப் பயனராகவே உள்ளே நுழைய முடியும். வீட்டுச் சாவியைப் படம் பிடித்துத் தெருவில் ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எல்லா இணையக் கருவிகளையும் விலக்கச் சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பொய்யான தரவைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் செயலாக்கம் உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. உலாவியின் நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒட்டும்போது வெளியே ஏதேனும் கோரிக்கை போகிறதா என்றும் பார்க்கலாம். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூ 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்ட சைபர்செஃப் என்ற தரவு மாற்றும் கருவி முழுவதும் உலாவிக்குள் இயங்குகிறது. அதை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பே இல்லாமலும் பயன்படுத்தலாம். ஜேசனுக்குப் பைத்தானோடு கூடவே வரும் ஜேசன் டூல் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு உங்கள் கணினியில் கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் ஏற்கெனவே இருக்கிறது. ஏற்கெனவே உண்மையான டோக்கன்களை ஒட்டியிருந்தால், தயங்காமல் அந்த மூத்தவரிடம் சொல்லி அவற்றை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன். நான் எழுதிய சொல்லையே தேடினாலும் பல கருவிகளில் கிடைப்பதில்லை. தமிழுக்கு ஏற்ற கருவி எது? (வாசகி, கரூர்)

பதில்: தமிழில் குறிப்பெழுதுகிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதியது ஒரு வகையிலும் தேடுவது வேறு வகையிலும் இருந்தால், இரண்டையும் சமப்படுத்தாத கருவிக்குக் ‘கொடுமுடி’ அகப்படாது. இன்னொன்று நம் கைப்பிழை: ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரவம்’ என்று தட்டச்சு செய்வது. அச்சில் தெரியாது, தேடலில் தெரிந்துவிடும்.

மூன்றாவது மொழியின் இயல்பு. ‘ஈரோடு’ என்று தேடினால் ‘ஈரோட்டில்’ என்று எழுதிய குறிப்பு வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசியே மாறிவிடுகிறது. ‘ஈரோ’ என்று மட்டும் தேடிப் பாருங்கள், இரண்டும் வரும். முக்கியமான குறிப்புகளின் முதல் வரியில் ஊர்ப்பெயர், வாடிக்கையாளர் பெயர், திட்டப் பெயர் ஆகியவற்றை உருபு சேராத வடிவில் எழுதிவிடுவது என் வழக்கம். அப்படிச் செய்தபின் எந்தக் கருவியிலும் எனக்குத் தேடல் பொய்த்ததில்லை. அகர வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு: யூனிகோடு எண்களின்படியே அடுக்கும் கருவிகளில் னகரம் நகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் வந்து நிற்கும்.

கேள்வி: நியூயார்க் வாடிக்கையாளரோடு நடக்கும் கூட்டம் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. எந்தக் கருவி இதைச் சரியாகக் காட்டும்? (வாசகர், நாமக்கல்)

பதில்: அங்கே காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு மாலை 7:30, கோடையில் 6:30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறுகிறது. கூகுள் நாட்காட்டியில் அந்தக் கூட்டத்தை நியூயார்க் நேரத்தில் பதிந்து, பக்கத்தில் இரண்டாம் நேர மண்டலத்தையும் காட்டச் சொல்லிவிடுங்கள்; தனிக் கருவி வேண்டாம்.

கேள்வி: எதுவும் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியதை நானே எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பில், ஒரு உள்ளீட்டுப் பெட்டியும் ஒரு பட்டியலுமாகத் தொடங்கினால் ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். பிறர் எழுதிய எந்தக் கருவியும் உங்கள் வேலைக்கு அந்த அளவு பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட வேண்டும். நுழைவுப் பக்கம், வண்ணத் தேர்வு, கைப்பேசிச் செயலி என்று நீட்டினால் வேலைப் பட்டியலில் அதுவே முதல் வேலையாக உட்கார்ந்துவிடும்.

தரவை உலாவியின் உள்சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி என்ற வரம்பு பட்டியலுக்குத் தாராளம்தான். ஆனால் உலாவித் தரவை அழிக்கும் ஒரு சொடுக்கில் எல்லாம் போய்விடும். சஃபாரியில், ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் அந்தத் தளத்தின் பக்கம் நீங்கள் போகாமல் இருந்தால் அதுவே அழித்துவிடுவதும் உண்டு. ஆகையால் முதலில் எழுத வேண்டிய பொத்தான் தரவைக் கோப்பாக இறக்குவதற்கானது. அந்தக் கோப்பிலிருந்து திரும்ப ஏற்றுவது இரண்டாவது. தமிழிலும் எழுதப் போகிறீர்கள் என்றால், தேடுவதற்கு முன் இரண்டு பக்க எழுத்தையும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் கொண்டு சமப்படுத்துங்கள்; அகர வரிசைக்கு இன்டில் கொலேட்டரைத் தமிழ் மொழிக்குறியோடு அழைத்தால், மேலே கரூர் வாசகிக்குச் சொன்ன னகர வகரக் குழப்பம் தீரும். முடித்ததும் அந்தக் கோப்பை இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள். பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்.